மெத்தை லாரிக்காரர் முறைப்படி காத்திருந்தது

சரக்கு வரவேற்பு மையத்தின் வாசலைத் தாண்டியதும் ஒரு பெரிய பலகை கண்ணில் படும். 'இங்கே யாரும் காத்திருப்பதில்லை' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. பலகை நல்ல அகலம். அதன் நிழலில் இரண்டு லாரிகள் தாராளமாக நிற்கலாம், நின்றுகொண்டும் இருந்தன. முன்னால் நின்றது கண்ணாடி ஏற்றிய லாரி. பின்னால் நின்றது மெத்தை ஏற்றிய லாரி. வந்து எத்தனை நாளாகிறது என்று கேட்டால் இரண்டு ஓட்டுநர்களும் தாடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

வரிசையில் நிற்கும் லாரிக்காரர்களுக்குச் சொந்தப் பேர் கிடையாது. ஏற்றி வந்த சரக்குதான் பேர். போன வாரம் வெங்காயமாக இருந்தவர் இந்த வாரம் டைல்ஸ் ஆகிவிடுவார். யாரும் முகம் கோணுவதில்லை. நம் ஆள் இந்த முறை மெத்தை. முன்பொரு தடவை உரமாகவும் இருந்திருக்கிறார், அதற்கு இது எவ்வளவோ மேல். அவருக்குப் பின்னால் நின்றவர் பெயின்ட். முன்னால் நின்ற கண்ணாடியும் இவரும் பின்னால் நின்ற பெயின்ட்டும் ஒரே கேனில் தண்ணீர் குடித்து, ஒரே பக்கெட்டில் குளித்து, கிட்டத்தட்ட ஒரே குடும்பமாகிவிட்டிருந்தார்கள்.

வரிசை என்றால் சாதாரண வரிசை இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். நடுவில் ஒரு லாரி போகும் அளவுக்குத்தான் வழி. உள்ளே நுழைந்த லாரி திரும்ப முடியாது, பின்வாங்க முடியாது, முன்னால் போகவும் முடியாது. 'ஒழுங்குப் பாதை' என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள்.

லாரிக்காரனுக்கு ஓடினால்தான் கூலி. நின்றால் நின்றதுதான், அதற்கு யாரும் ஒரு டீ கூட வாங்கித் தருவதில்லை. அது மெத்தைக்குப் பழகிப்போன விஷயம். இந்தத் தடவை அவர் தவித்தது கூலிக்காக இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

அவர் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து அறுக்கிறார். அவரை விட்டால் அடுத்து எப்போது வருவார் என்று ஆஸ்பத்திரிக்கே தெரியாது. கட்டி குரல் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எடுத்த பிறகு குரல் இப்படியே இருக்கலாம், கரகரத்துப் போகலாம், ஒரேயடியாகப் போயும்விடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவின் பிழைப்பே குரல்தான். பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்கிறவர் அவர்தான்.

"ஊரே என் குரலைக் கேக்குது. கட்டின புருஷன் மட்டும் போன்லதான் கேக்கறாரு" என்று அந்த அம்மா போனில் சொன்னார். "இங்க பாருங்க, எனக்கு ஊசிக்குப் பயமில்லை, கத்திக்கும் பயமில்லை. உள்ள போறதுக்கு முன்னாடி உங்களை எதிர்ல நிக்க வச்சு, என் சொந்தக் குரல்ல நாலு திட்டு திட்டணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"போன்லயே திட்டேன்."

"போன்ல திட்டினா நீங்க போனைத் தூர வச்சுக்குவீங்க. எனக்குத் தெரியாதா?"

மெத்தை சிரித்தார். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கி வரவேற்பு அதிகாரியைப் பார்க்கப் போனார்.

வரவேற்பு அதிகாரி நல்ல சிரித்த முகம். மேஜை மேல் ஒரு தட்டில் மிட்டாய் வைத்திருந்தார். "வாங்க விருந்தாளி, உக்காருங்க" என்றார். அந்த மையத்தில் லாரிக்காரர்களை விருந்தாளி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. உட்காருவதற்கு நாற்காலி போட வேண்டும் என்று உத்தரவு எதுவும் இல்லை, அதனால் மெத்தை நின்றுகொண்டே பேசினார்.

"மேடம், நான் வந்து ரொம்ப நாளாச்சு. சரக்கை இறக்கிட்டீங்கன்னா..."

"நீங்க இன்னும் வரலையே."

"இதோ உங்க முன்னாடி நிக்கறேனே மேடம்."

"நிக்கறீங்க. வரலை. வருகைங்கறது இறக்குமேடைக் கதவு உங்களுக்காகத் திறக்கும்போது நடக்கிறது. அதுவரைக்கும் நீங்க வழியில இருக்கீங்க." அவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "வழியில எங்கயோ ஓட்டிக்கிட்டிருக்கீங்க. பத்திரமா ஓட்டுங்க. வந்து சேராதவங்க எப்படிக் காத்திருக்க முடியும்? அதனாலதான் எங்க மையத்துல காத்திருப்பே கிடையாது. போன வருஷம் அதுக்காகப் பரிசு வாங்கினோம். வெள்ளிக்கிழமை மறுபடியும் வாங்கப்போறோம்."

"கதவுதான் நிறைய இருக்கே மேடம். ஒண்ணுதானே திறந்திருக்கு?"

"மத்த கதவெல்லாம் விழாவுக்காகப் பெயின்ட் அடிக்கணும். பெயின்ட் வந்ததும் அடிச்சுத் திறந்துடுவோம்."

மெத்தைக்கு உயிர் வந்தது. "பெயின்ட் வந்தாச்சு மேடம்! எனக்குப் பின்னாடிதான் நிக்குது!"

வரவேற்பு அதிகாரி மறுபடி திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பரிவோடு சொன்னார்: "இல்லை. அதுவும் வழியிலதான் இருக்கு."

ஒரு மிட்டாயை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மெத்தை எடுத்துக்கொண்டார். வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் கிடைத்ததை ஏன் விட வேண்டும்?

ஆனால் ஒரு வழி இருந்தது. லாரிக்காரர்கள் சங்கம் வருஷக்கணக்கில் கத்தித் தொண்டை வற்றியதால் மையம் ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தது. காத்திருப்பே இல்லாத மையத்தில் காத்திருப்பவர்களுக்கு மரியாதை செய்யும் திட்டம். ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டினார்கள். அதில் ஒரு விளக்கு. முதலில் சிவப்பாக எரியும். ஓட்டுநர் முறைப்படி காத்திருக்கக் காத்திருக்க மஞ்சளாகும். முழுசாகக் காத்திருந்து முடித்தால் பச்சை. பச்சை எரிந்துவிட்டால் வண்டியையும் சரக்கையும் மையமே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சுருக்கமாகச் சொன்னால், ஒழுங்காகக் காத்திருந்தவர் மட்டும்தான் காத்திருப்பதை நிறுத்தலாம்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனால் என்ன என்று கேட்கலாம். மெத்தையும் முதலாளியிடம் போனில் கேட்டுப் பார்த்தார். ஆளில்லாத வண்டி 'கைவிடப்பட்ட வண்டி'. மையம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும், சரக்கோடு. "இந்த வண்டியை விட்டு இறங்கினேன்னு வச்சுக்க, அப்புறம் எந்த வண்டியிலயும் ஏற மாட்டே. நான் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி. அவர் சொன்னால் செய்கிறவர். நல்லது எதையும் அவர் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

ஆக, விளக்கு பச்சையாக வேண்டும். முறைப்படி காத்திருப்பது எப்படி என்று விளக்குவதற்கு ஒரு காத்திருப்பு ஆய்வாளர் இருந்தார். கஞ்சி போட்ட சட்டை, கழுத்தில் விசில், கையில் பெட்டிகளின் சாவி. தப்பாகக் காத்திருப்பவரைப் பிடித்தால் அந்தச் சாவியைப் போட்டுத் திருகி விளக்கை மறுபடி சிவப்பாக்கிவிடுவார்.

"தூங்கினா அது ஓய்வு" என்றார் ஆய்வாளர். "ஓய்வெடுக்கிறவன் காத்திருக்கலை. சாப்பிட்டா அது உணவு இடைவேளை. போன் பேசினா சொந்த வேலை. பக்கத்து வண்டிக்காரனோட பேசினா பொழுதுபோக்கு. ஒண்ணுக்குப் போனா தற்காலிக வெளியேற்றம், அதுக்கு விசில் அடிக்கிறதுக்குள்ள திரும்பி வந்துடணும். வண்டி நகர்ந்தா அது பயணம், விளக்கு தானாவே சிவப்பாயிடும், காத்திருப்பு மொத்தமும் ரத்து. இதையெல்லாம் கழிச்சுட்டு மிச்சம் என்ன இருக்கோ, அதுதான் சுத்தமான காத்திருப்பு."

"மிச்சம் என்ன சார் இருக்கு?"

"நிமிர்ந்து உக்காரணும். ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல. கண்ணு அந்தக் கதவு மேல. மனசுல வேற நினைப்பு வரக்கூடாது. ஆனா அதைச் சோதிக்கிற கருவி இன்னும் வரலை. அதுவும் வழியிலதான் இருக்கு."

மெத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி நிறைய மெத்தை. புத்தம் புதுசு, பஞ்சு மாதிரி, ஒரு ஆள் படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. அத்தனையையும் முதுகில் சுமந்துகொண்டு அந்த மனிதர் கண் இமைகளைப் பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை கண் செருகிவிட்டது, சிவப்பு. அடுத்த தடவை பசி பொறுக்காமல் ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டார். மெல்லாமல் வாயிலேயே ஊற வைத்துக்கொண்டுதான் இருந்தார், ஆனாலும் ஆய்வாளர் கன்னத்தில் உப்பலைக் கண்டுபிடித்துவிட்டார். மறுபடி சிவப்பு. பின்னால் பெயின்ட்டின் நிலைமை இன்னும் மோசம். கொட்டாவி எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டதற்காகவே அவர் விளக்கைத் திருகிவிட்டார்கள்.

இதற்கிடையில் விழா ஏற்பாடு மும்முரமாக நடந்தது. சரக்கு இறக்கும் ஆட்களில் ஒருவர் இருவரைத் தவிர எல்லோரும் மேடை கட்டப் போய்விட்டார்கள். ஒலிபெருக்கியைச் சோதிக்க வேண்டியிருந்ததால் மேலாளர் தன் பேச்சை முன்கூட்டியே பேசிப் பார்த்தார். ஒழுங்குப் பாதை முழுக்க அது கேட்டது.

"நண்பர்களே! மற்ற மையங்கள் பெரிய பெரிய கிடங்குகள் கட்டி நஷ்டப்படுகின்றன. நாம் ஒரு செங்கல் கூட வைக்கவில்லை. நம்முடைய கிடங்கு சக்கரத்தின் மேல் நிற்கிறது! அதற்கு வாடகை உண்டா? இல்லை. காவலாள் சம்பளம் உண்டா? இல்லை. ஒவ்வொரு சரக்கையும் அதன் ஓட்டுநரே விழித்திருந்து பாதுகாக்கிறார். இப்படி ஒரு விருந்தாளி யாருக்குக் கிடைப்பார்?"

சொல்லிவிட்டு, "சத்தம் சரியா இருக்கா?" என்று கேட்டார். யாரோ சரியாக இருக்கிறது என்றார்கள்.

மெத்தை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். வயிறு எரிந்தது. ஆனால் வயிற்றெரிச்சல் காத்திருப்பில் சேருமா சேராதா என்று தெரியாததால் அதையும் அடக்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை பிற்பகல் விளக்கு நல்ல மஞ்சளாகிவிட்டது. ஓரத்தில் லேசாகப் பச்சை கூடத் தட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். இறங்கி ஓடினால் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் நிற்கலாம். ஆய்வாளர் ஜன்னலோரம் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று விளக்கை ரசித்தார்.

அப்போது போன் அடித்தது. டேஷ்போர்டின் மேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து கண்ணாடிப் பக்கம் நகர்ந்தது. மனைவி.

மெத்தை ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் மெத்தையைப் பார்த்தார். போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அவள் எப்போதும் ஒரு தடவை அடித்துவிட்டு விட்டுவிடுவாள், இரண்டாம் தடவை அடித்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவர் கைகள் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. கண்கள் கதவு மேலேயே இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. போன் ஓய்ந்துவிட்டது.

"சபாஷ்" என்றார் ஆய்வாளர். "இதுதான் காத்திருப்பு." விசிலை லேசாக ஊதிவிட்டு நடந்தார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில், திறந்திருந்த அந்த ஒரே கதவில் எவரோ ஒருவரின் வண்டி காலியாகி வெளியே போனது. வரிசை ஒரு லாரி நீளம் நகர்ந்தது. கண்ணாடி முன்னால் போனார். மெத்தைக்கு எதிரில் இடம் விழுந்தது.

லாரிக்காரனுக்கு எதிரில் இடம் விழுந்தால் கால் தானாக வேலை செய்யும். அது மூளைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிற விஷயம் இல்லை. இடத்தை விட்டுவைத்தால் பக்கத்திலிருந்து எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான், அப்புறம் அவனோடு மல்லுக்கட்ட வேண்டும். இத்தனை வருஷமாக எத்தனையோ சோதனைச் சாவடியிலும் துறைமுகத்திலும் பழகின கால் அது. இங்கே இரண்டு பக்கமும் சுவர், ஒரு சைக்கிள் கூட நுழைய முடியாது என்று அந்தக் காலுக்கு யார் சொல்வது? கை சாவியைத் திருகியது, கால் கிளட்சை மிதித்து விட்டது, வண்டி ஒரு லாரி நீளம் உருண்டு போய்க் கண்ணாடியின் முதுகில் இடிக்காமல் அழகாக நின்றது.

நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. விளக்கு சிவப்பாக எரிந்தது.

அவர் தலையை ஸ்டியரிங்கில் வைத்து முட்டிக்கொண்டார். ஹாரன் அலறியது. ஆய்வாளர் ஓடி வந்து எட்டிப் பார்த்து, "பயணம்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்.

"சார், காலை வெட்டிப் போடலாம் போல இருக்கு சார். பழக்கம் சார். தெரியாம நகர்ந்துட்டேன். நாளைக்கு எம் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். அவளுக்கு அப்புறம் பேச வருமான்னே தெரியாது. நீங்க அந்தச் சாவியைத் திருகிப் பச்சை ஆக்க முடியாதா?"

"இந்தச் சாவி ஒரு பக்கம்தான் திரும்பும். சிவப்புப் பக்கம்." ஆய்வாளர் ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். முகத்தில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லை. நானும் காத்திருக்கிறவன்தான். காலையில வந்து உக்காந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கேன், அப்புறம் சாயந்திரத்துக்கு. மொத்தத்துல ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கேன். எத்தனையோ நாள் இந்த நாற்காலியில ஒரு வேலையும் இல்லாம உக்காந்திருக்கேன், ஒருநாளாவது முகம் சுளிச்சிருப்பேனா? உங்களுக்கெல்லாம் பொறுமை இல்லை."

"உங்களுக்குச் சம்பளம் வருதே சார்."

"அதனாலதான் பொறுமையா இருக்க முடியுது" என்று ஆய்வாளர் ஒத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு மெத்தை போனை எடுத்தார். இனி எது கெட்டுப்போகப் போகிறது?

"எடுக்கலையே" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"வேலையா இருந்தேன்."

"ஒண்ணுமில்லை. நாளைக்குக் காலையில முதல் ஆள் நான்தானாம். நான் சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருக்கார், எனக்கு முன்னாடி வேற யாரையாவது விடுங்கன்னு. நர்ஸ் முறைச்சா. முறைக்கட்டும். ஒருத்தர் ரெண்டு பேரை விட்டுக்கொடுப்பேன், அதுக்கு மேல கெஞ்ச எனக்கு வராது. வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவேன்" என்றார். அவர் வரிசையில் ஒரு அடி இடம் விழுந்தால்கூட விடமாட்டார். அவருக்காக அவள் தன் இடத்தைத் தூக்கித் தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிறாள். அழுகை வந்தது. இந்தத் தடவை கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொலபொலவென்று விடியும்போது பெயின்ட் வந்து கதவைத் தட்டினார். ஊரில் எதற்கும் அசையாத ஆள், அன்றைக்கு அவர் முகமும் வாடிப்போயிருந்தது.

"அண்ணே, யோசிச்சுப் பாத்தேன். அந்த ஆய்வாளருக்கு வேண்டியது என்ன? தூங்கக் கூடாது, திங்கக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாது. இதெல்லாம் மனுசனால ஆகாது. ஆனா உங்க வண்டி நிறைய அப்படிப்பட்ட ஆளுங்கதானே இருக்காங்க?"

மெத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தார்ப்பாயை அவிழ்க்க ஓடினார். ஒற்றைக் கட்டில் மெத்தை ஒன்றை இழுத்துப்போட்டு, சுருட்டி, சரக்குக் கயிற்றால் இடுப்பிலும் கழுத்திலும் இறுக்கிக் கட்டினார்கள். மெத்தை தன் சட்டையைக் கழற்றி அதற்கு மாட்டிவிட்டார். கைகளுக்குத் துணியைத் திணித்து ஸ்டியரிங்கோடு சேர்த்துக் கட்டினார்கள். தலைக்குத் தொப்பி. கண்ணாடி தன்னுடைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார், "திரும்பித் தரணும், மாமனார் வாங்கிக் கொடுத்தது" என்று சொல்லிக்கொண்டே.

மூன்று பேரும் கீழே இறங்கி நின்று பார்த்தார்கள். மெத்தை மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைவிட நல்லா உக்காந்திருக்கான்" என்றார் மெத்தை.

"முன்னாடி இடம் விழுந்தாலும் நகர மாட்டான்" என்றார் கண்ணாடி. "அது ஒண்ணு போதும்."

"சாவியை என்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. அப்புறம் எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றார் பெயின்ட். "முதல்ல இடத்தைக் காலி பண்ணுங்க அண்ணே."

மெத்தை பனியனோடு வாசலுக்கு ஓடினார். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"எங்க போறீங்க? நீங்க உள்ள வந்ததாவே பதிவு இல்லையே. உள்ள வராத ஆளை நான் எப்படி வெளிய விடறது?"

வேறொரு சமயமாக இருந்தால் மெத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார். ஆனால் இத்தனை நாள் அந்த மையத்தில் இருந்ததில் அவருக்கும் அந்தப் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"நான் வரவே இல்லை சார். வழியிலதான் இருக்கேன்."

காவலாளி யோசித்தார். திரையைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஆமா, வழியிலதான் இருக்கீங்க. அப்ப இங்க யாரும் இல்லை" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் கடைசி இருக்கைதான் கிடைத்தது. பனியனோடு ஏறின ஆளை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும்போது அவர் கால் தரையை மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை.

ஊர் பஸ் நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார். ஓடினவர் சடக்கென்று நின்றார். தலைக்கு மேலே அவள் பேசினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. வண்டி வருவதற்குச் சற்றுத் தாமதமாகும். தயவுசெய்து சிறிது நேரம் காத்திருக்கவும்."

பதிவு செய்து வைத்த குரல். அவள் லீவில் இருக்கும்போது போடுவதற்காக எப்போதோ பேசிக் கொடுத்தது. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை. சுத்தமான, கணீரென்ற, கொஞ்சம் அதட்டுகிற குரல். ஒலிபெருக்கி அதையே இன்னொரு தடவை சொன்னது. அவர் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்று கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுத்தான் ஓடினார்.

ஆஸ்பத்திரி மாடியில் ஆபரேஷன் தியேட்டர் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பலகையும் ஒன்றையொன்று தேடித் தேடி உரசி, அவர் கிட்டப் போவதற்குள் சேர்ந்து நின்றுவிட்டன. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்து வந்தார். பக்கத்துக் கட்டில்காரர். "நீங்கதானே லாரி ஓட்டறவரு? பனியனைப் பாத்ததும் நினைச்சேன். இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. இப்பதான், இந்த நிமிஷம். காலையிலேருந்து மூணு பேரை முன்னாடி விட்டுட்டா. கடைசியில டாக்டரே வந்து சத்தம் போட்டாரு, இப்ப வர்றியா இல்லை நான் கிளம்பட்டுமான்னு. போகும்போதுகூடப் படிக்கட்டையே பாத்துக்கிட்டுப் போனா."

அந்த இரண்டாம் தடவை அறிவிப்பைக் கேட்காமல் வந்திருந்தால் அவளைப் பார்த்திருக்கலாம். ஒலிபெருக்கியில் இருந்த குரலை நின்று கேட்டதில், ஆளோடு இருந்த குரலைக் கோட்டை விட்டுவிட்டார்.

"ஏதாவது சொன்னாளாக்கா?"

"சொன்னா. திட்டு பாக்கி இருக்காம். வெளிய வந்து வச்சுக்கறேன்னு சொல்லச் சொன்னா. குரல் இல்லைன்னா கையாலயாவது திட்டுவேன்னா." அந்த அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உக்காருங்க தம்பி. நேரமாகும்னாங்க. கீழ கேன்டீன்ல ஏதாவது சாப்பிட்டுட்டு வேணா வாங்க."

அவர் போகவில்லை. கதவுக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. கண் கதவை விட்டு நகரவில்லை. எத்தனையோ நாள் தூக்கம் பாக்கி இருந்தும் ஒரு கொட்டாவி வரவில்லை. பெஞ்சில் பக்கத்து இடம் காலியானது, முன்னால் இருந்தவர் எழுந்து போனார். அவர் கால் அசையவில்லை. அந்த இடத்தில் அப்படி ஒரு காத்திருப்பைப் பார்த்து விசில் ஊத யாரும் இல்லை.

போன் அடித்தது. ஒருவேளை ஆஸ்பத்திரியிலிருந்துதானோ என்று பதறி எடுத்தார். மையத்தின் மேலாளர். பின்னால் ஒலிபெருக்கி இரைந்தது.

"வாழ்த்துக்கள் விருந்தாளி! உங்க விளக்கு பச்சை ஆயிடுச்சு. எங்க மையத்துல முதல் பச்சை உங்களுதுதான். நம்ம ஆய்வாளர் காலையிலேருந்து உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கார், இப்படி ஒரு காத்திருப்பை வாழ்நாள்ல பாத்ததில்லைன்னு மேடையில கண் கலங்கிட்டார். இந்த வருஷத்தோட சிறந்த காத்திருப்பாளர் நீங்கதான். வண்டியை விட்டு இறங்கிடாதீங்க, இறங்கினா விருது செல்லாது. அங்க உக்காந்தபடியே போன்ல ரெண்டு வார்த்தை பேசுங்க. மைக்குல பிடிக்கறேன், எல்லாரும் கேப்பாங்க. சொல்லுங்க, எவ்வளவு நேரமா இப்படிக் காத்திருக்கீங்க?"

மெத்தை கதவைப் பார்த்தார். கதவுக்கு மேல் விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்கேன்" என்றார்.

அந்தப் பக்கம் பலத்த கைதட்டல் கேட்டது. அவர் போனை மடியில் வைத்துவிட்டு, கைகளைப் பழையபடி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.